மூன்று கணக்கிலும் பத்து கூடுதல்

1970களில் காஞ்சிபுரத்தை ஒட்டிய செவிலிமேட்டில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடப் படிப்பு என்பது மதிப்பெண் அட்டையில் இருக்கும் ஒரு எண்தான். என் அட்டையில் கணக்குக்கு நேராக 34. அதன் அடியில் சிவப்பு மையில் ஒரு கோடு. பாஸ் மார்க்குக்கு ஒன்று குறைவு. எந்தக் கணக்கு வரவில்லை, எந்த இடத்தில் தவறியது என்று அட்டையும் சொல்லாது, வாத்தியாரும் சொல்லமாட்டார். விடைத்தாளைக் கையில் கொடுத்த வேகத்தில் திரும்ப வாங்கிக் கட்டி வைத்துவிடுவார்கள். கையெழுத்துப் போடும் முன் அப்பா கேட்பதும் ஒன்றுதான்: "பாஸாடா?"

பள்ளி விட்டதும் தறி. கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும் என்பதால் நெய்கிறவருக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். காஞ்சிபுரத்தில் அந்த ஆள் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைதான். அப்பா மிதியை மிதித்துக்கொண்டே கேட்பார்: "கூலி நூத்திரண்டு. முன்பணம் முப்பத்தேழு புடிச்சா கையில என்னடா நிக்கும்?"

"அறுபத்தஞ்சுப்பா."

முப்பத்தேழோடு மூன்று சேர்த்தால் நாற்பது. நாற்பதிலிருந்து நூற்றிரண்டுக்கு அறுபத்திரண்டு. மூன்றும் அறுபத்திரண்டும் அறுபத்தைந்து. யாரும் சொல்லித் தந்த வழி அல்ல இது. ஆனால் அதே 102-ஐ எழுதி, அடியில் 37-ஐ எழுதி, கோடு போட்டுக் கழிக்கச் சொன்னால் நடுவில் நிற்கும் பூஜ்யத்தில் கை நின்றுவிடும். வீட்டுக் கூலிக் கணக்கைச் சொன்ன பிள்ளைதான் பள்ளியில் கணக்கு வராத பிள்ளை.

இது எங்கள் தெருவுக்கு மட்டும் உரிய கதை இல்லை. பிரேசிலின் ரெசிஃபே நகரத்தில் தெருவில் இளநீரும் பழமும் விற்ற பிள்ளைகளைப் பற்றி 1985-ல் ஓர் ஆய்வு வந்தது. வியாபாரத்தில் அவர்கள் போட்ட கணக்கில் 98 சதவீதம் சரி. அதே கணக்குகளை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரி. கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடமும் இதே இடைவெளி இருப்பதாக 2025-ல் 'நேச்சர்' இதழில் ஆய்வு வெளியானது. இரு பக்கமும் உண்டு: பள்ளியில் நன்றாகக் கணக்குப் போடும் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறினார்கள்.

இப்போது என் பேத்தி மூன்றாம் வகுப்பு. சிவப்புக் கோடு இல்லை. கொரோனாவில் விட்டுப்போன படிப்பை மீட்க 2022-ல் தமிழக அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்கும் நிலைப்படி பிரித்துப் பாடம் நடக்கிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை கணக்கில் மொட்டு என்றால், இரண்டாம் வகுப்பு நிலையில் கற்றுக்கொண்டிருக்கிறாள் என்று பொருள். நல்ல ஏற்பாடு, பிள்ளை எங்கே நிற்கிறாள் என்பதையாவது சொல்கிறது. ஆனால் பக்கத்து வீட்டு அம்மா இதைக் கேட்டதும், "மொட்டுன்னா பாஸா, பெயிலா?" என்றார். ஐம்பது வருடத்தில் அட்டை மாறியிருக்கிறது, நம் கேள்வி மாறவில்லை.

பேத்தியின் கணக்கு விடைத்தாளை வாங்கி நிதானமாகப் பார்த்தேன். கூட்டல் எல்லாம் சரி. 52-லிருந்து 27, சரி. தப்பான கழித்தல் மூன்று. 402-லிருந்து 178-ஐக் கழித்து 234 என்று எழுதியிருக்கிறாள். வர வேண்டியது 224. 305-லிருந்து 129 போக 186. வர வேண்டியது 176. 601-லிருந்து 245 போக 366. வர வேண்டியது 356. மூன்றிலும் நடுவில் பூஜ்யம். மூன்றிலும் விடை சரியாகப் பத்து கூடுதல்.

இது கவனக்குறைவு இல்லை. பக்கத்தில் உட்காரவைத்து, "எப்படிப் போட்டே கண்ணு, சொல்லு" என்றேன். நூறிலிருந்து ஒன்று எடுத்துப் பத்துப் பத்துகளாக மாற்றினாளாம். அதிலிருந்து ஒரு பத்தை ஒன்றுகளுக்குக் கொடுத்தாளாம். கொடுத்தபின் அங்கே மிஞ்சுவது ஒன்பது என்பதை மட்டும் விட்டுவிட்டாள். கடன் வாங்குவது, இடமதிப்பு, கழித்தல் எல்லாம் அவளுக்குத் தெரிகிறது. தெரியாதது ஒரே ஒரு படி. தறியில் ஓர் இழை அறுந்தால் பாவு முழுவதையும் யாரும் குறை சொல்வதில்லை. அந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுகிறோம். பத்து ரூபாய் நோட்டுகளையும் சில்லறையையும் தரையில் பரப்பி, ஒரு நூறு ரூபாயை எப்படி மாற்றுவது என்று காட்டியதில் அன்று மாலையே ஒன்பது அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

'கணக்கு வராது' என்று ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லிவிடுவதுதான் எனக்குப் பொறுக்காத விஷயம். எங்கள் தெருவில் அந்த ஒரு சொல்லோடு படிப்பை விட்டுத் தறிக்குழியில் இறங்கியவர்கள் உண்டு. வாயால் கணக்குப் போடுவதில் அவர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை.

பெற்றோருக்கு என் வேண்டுகோள் இதுதான். மதிப்பீட்டு முடிவு வந்தால் மார்க்கோடும் மொட்டோடும் நிறுத்திக்கொள்ளாதீர்கள். பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது விடைத்தாளைப் பார்க்கக் கேளுங்கள். தப்பான கணக்குகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். பிறகு, எப்படிப் போட்டாய் என்று பிள்ளையைச் சொல்லச் சொல்லுங்கள், முடிகிறவரை குறுக்கிடாதீர்கள்.