இறக்கி ஏற்றிய இன்ஜினின் எழாமை: வடசென்னை மரபு குறித்த ஓர் ஆய்வு

காரிலிருந்து இன்ஜினை வெளியே எடுத்து, லேத்தில் போர் போட்டு, பிஸ்டன், ரிங், பேரிங் மாற்றி, மீண்டும் வண்டியில் பூட்டியபின், சாவியைத் திருப்பினால் அது கிளம்ப மறுக்கும் நிலை இவ்வாய்வில் ‘எழாமை’ எனப்படும். எழாமையின் காரணங்கள் உலகெங்கும் ஒன்றே எனினும், அவற்றைத் தேடும் வரிசையில் ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான ஷெட்டுகளுக்குத் தனி மரபு உண்டு: விசாரணை, இன்ஜினைப் பூட்டிய மெக்கானிக்குக்கு மிகத் தொலைவில் உள்ள பொருளில் தொடங்கி, அவர் கையை நோக்கி மிக மெதுவாக நகரும்.

ஆய்வுப் பொருளாக, 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடரின் பழைய பெட்ரோல் வண்டி கொள்ளப்பட்டதற்கு ஊர்ப்பற்றும் ஒரு காரணம். 1948-இல் தொடங்கப்பட்டு எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டித் தந்த அசோக் மோட்டார்ஸ், 1955-இல் அசோக் லேலண்டு ஆகி லாரி, பஸ் பக்கம் போய்விட்டது. ஆயினும் அந்த ஆஸ்டினின் 1200 சி.சி. இன்ஜின் வழிவந்த குடும்பத்தைச் சேர்ந்ததே அம்பாசடரின் 1489 சி.சி. இன்ஜின் என்பதால், வங்காளத்து உத்தர்பாராவில் பிறந்த அவ்வண்டி எண்ணூரில் அடம்பிடிப்பதை, பெரியம்மா வீட்டுக்கு வந்த பிள்ளையின் அடமாகவே கொள்ளலாம்.

முதலில் எழுவது பெட்ரோல்வாதம். “பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கு சார்” என்பது இதன் மூல சூத்திரம். மாதக்கணக்கில் ஷெட்டில் கிடந்த வண்டியின் டேங்கில் எளிதில் ஆவியாகும் கூறுகள் பறந்துபோய்ப் பெட்ரோல் சாரமற்றுப்போவது மெய்யே ஆதலால், இவ்வாதத்தை முற்றிலும் தள்ளுவதற்கில்லை.

அடுத்தது கடற்காற்றுவாதம். இன்ஜின் ரப்பர் மவுண்டின்மேல் அமர்ந்திருப்பதால், அதையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை துருவேறியிருந்தாலோ, மாட்ட மறக்கப்பட்டிருந்தாலோ, ‘செல்ஃப்’ எனப்படும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குரிய கரண்டு திரும்ப வழியின்றிச் சோக் கேபிள் வழியே ஓடி, அதைப் புகைய வைக்கும். துருவுக்குக் கடல் பொறுப்பேற்கலாம். மறதிக்கும் கடலே பொறுப்பேற்க வைக்கப்படுவதுதான் வியப்பு.

காசிமேட்டிலிருந்து வரும் பார்வையாளர் கூறும் மூன்றாம் கொள்கை, “ஏர் எடுத்துப் பாருப்பா” என்பதாகும். விசைப்படகின் டீசல் இன்ஜினில், எரிபொருள் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுவது உயிர்காக்கும் மருத்துவம். தீப்பொறியால் பற்றும் பெட்ரோல் இன்ஜினுக்கு அது பொருந்தாது என எவரும் மறுப்பதில்லை, ஏனெனில் வண்டியைத் தள்ள ஆள் வேண்டும். நான்காவது, கண்ணேறே காரணம் என்னும் திருஷ்டிவாதம்; இதன் செலவு ஓர் எலுமிச்சம்பழமே.

மெய்க்காரணம் பெரும்பாலும் டைமிங்கில் இருக்கிறது. கிராங்க் இருமுறை சுழன்றால்தான் ஒரு சுற்று வேலை முடியும். அதற்குள் பிஸ்டன் இருமுறை உச்சிக்கு வருகிறது, ஒருமுறை பெட்ரோல் கலந்த காற்றை அமுக்கிக்கொண்டு, மறுமுறை எரிந்த புகையைத் தள்ளிக்கொண்டு. புல்லியின் குறி இரண்டு வருகையிலும் ஒரே இடத்தில் நிற்பதால், அதை மட்டும் நம்பி, புகை தள்ளும் வருகையில் டிஸ்ட்ரிபியூட்டரின் அடித்தண்டை இறக்கினால், பிளக்குகளுக்குத் தீப்பொறி பங்கிடும் அக்கருவி அரைச்சுற்று பிசகி, உள்வால்வு திறக்கும் வேளையில் பொறி விட, கார்ப்பரேட்டர் நெருப்பைத் தும்மும். ராகுகாலம் பார்த்து நிமிடம் தவறாமல் சாவி திருப்பும் ஷெட்டில் இப்பிசகு நேர்வது ஆய்வாளர்க்குரிய பொருள்.

சோதனை எளிது: முதல் பிளக்கைக் கழற்றி, துளையைக் கட்டைவிரலால் மூடி, இன்ஜினைக் கையால் சுழற்றினால், காற்று விரலைத் தள்ளும் வருகையே உரிய வருகை. பரிகாரம் அதனினும் எளிது: பொறி வரிசை 1-3-4-2 ஆதலால், ஒன்றாம் பிளக் வயரை நான்காவதோடும் மூன்றாவதை இரண்டாவதோடும் இடம் மாற்றினால் போதும்.

இதை மெக்கானிக் அறியாதவர் அல்லர். கார்ப்பரேட்டர் தும்மியபோதே அறிந்தவர். ஆகவேதான் ஓனரைக் கேனுடன் வேறு பங்க்குக்கு அனுப்பிவைத்து, அவர் போய்வருவதற்குள் வயர்களை மாற்றிவிடுகிறார். புதுப் பெட்ரோல் ஊற்றப்படுகிறது, இன்ஜின் ஒரே திருப்பில் உறுமுகிறது, ஓனர் பழைய பங்க்கை வைது தீர்க்கிறார். எழாமைக்கான அடுத்த விசாரணையும் பெட்ரோலிலேயே தொடங்குவதற்கான சான்று இவ்வாறு சேர்கிறது.