ஒரிஜினல் அண்ணன்

சேந்தமங்கலத்தில் ஒரு வீட்டில் கத்தி மழுங்கினால் அந்தச் சேதி முதலில் போய்ச் சேர்வது சாணை பிடிப்பவருக்கு அல்ல, ஒரிஜினல் அண்ணனுக்கு. நீங்கள் பாட்டுக்கு நாமக்கல் போய், சூப்பர் மார்க்கெட்டில் அட்டையோடு தொங்கும் கத்தி ஒன்றை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவீர்கள். பக்கத்து சீட்டில் அவர் உட்கார்ந்திருப்பார்.

“என்ன தம்பி, தகரமா?”

பைக்குள் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கக் கூடாது. தெரியும்.

அண்ணன் என்று ஒருமையில் சொன்னாலும் இது ஓர் இனம். ராசிபுரத்தில் நெய்யைப் புறங்கையில் தேய்த்து மோந்து பார்க்கிற அண்ணன் உண்டு. சேலத்தில் மாம்பழத்தின் காம்பை முகர்ந்துவிட்டு உதட்டைப் பிதுக்குகிற அண்ணன் உண்டு. எங்கள் பக்கம் கொல்லிமலை அடிவாரம். மலையிலிருந்து பலா இறங்குகிறது, காட்டில் குச்சிக்கிழங்கு விளைகிறது, தென்னைக்கும் வாழைக்கும் குறைவில்லை. வெட்டுவதற்கு இத்தனை இருக்கிற ஊரில் அண்ணன் கத்தியைப் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை. பெரும்பாலும் ரிட்டையர் ஆனவராக இருப்பார். சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடி, பேனா, ஒரு காந்தத் துண்டு.

காந்தம் பாத்திரக் கடைக்காரரை மடக்குவதற்கு. எவர்சில்வர் பாத்திரத்தில் காந்தம் ஒட்டினால் மட்டம் என்று பெண்கள் எல்லோருக்கும் தெரியும். கத்தியில் கதை தலைகீழ் என்பது அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும் என்பது அண்ணனின் எண்ணம். பாத்திரத்து எவர்சில்வரில் கார்பன் மிகக் குறைவு. அதை எவ்வளவு காய்ச்சித் தண்ணீரில் முக்கினாலும் இறுகாது, தீட்டிய கூர் நாலு வெங்காயத்துக்கு மேல் நிற்காது. இறுகக்கூடிய கத்தி எஃகில் காந்தம் ஒட்டியே தீரும். இதில் அண்ணன் சொல்வது முழுக்கச் சரி. சரியான ஒரு விஷயத்தை இவ்வளவு எரிச்சலூட்டும்படி சொல்ல முடியுமா என்பதுதான் கேள்வி. கடையில் கல்யாணச் சீர் வாங்க வந்த குடும்பம் ஒன்று நிற்கும். அவர்களுக்கும் சேர்த்து வகுப்பெடுப்பார்.

பட்டறைக்குப் போனால்தான் அண்ணனின் முழு உருவமும் தெரியும். அரிவாளை எடுத்ததும் வாயைப் பார்க்க மாட்டார். முதுகைத் தடவுவார். பிறகு பிடியை இரண்டு விரலில் தொங்கவிட்டு அலகை நகத்தால் சுண்டி, காதருகே வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். ‘ணங்’ என்று நீண்டால் தலையாட்டுவார். ‘டொக்’ என்றால், “உள்ள விரிசல் இருக்குதுங்க ஆசாரி” என்பார். பிடி லூசாக இருந்தாலும் ‘டொக்’ என்றுதான் கேட்கும். ஆசாரி அதைச் சொல்ல மாட்டார். பூணை ஒரு தட்டுத் தட்டி இறுக்கி, “வேற ஒண்ணு தர்றனுங்க” என்று அதே அரிவாளைத் திருப்பிக் கொடுப்பார். இந்த முறை ‘ணங்’ கேட்கும். “இது சாமான்!” என்பார் அண்ணன்.

நம்மூர்க் கத்தியின் எஃகு எங்கிருந்து வருகிறது? லாரியிலிருந்து. நாமக்கல் லாரிக்குப் பாடி கட்டுகிற ஊர். உழைத்து ஓய்ந்த ஸ்பிரிங் பட்டைகளுக்குப் பஞ்சமே இல்லை. அந்தப் பட்டையில் நூற்றுக்கு அரைப் பங்குக்குச் சற்று மேலே கார்பன் உண்டு. வளைந்து கொடுக்கும், ஒடியாது, காய்ச்சி முக்கித் தோய்ச்சல் போட்டால் வாய் நிற்கும். ஆகவே கொல்லர்கள் அதை வெட்டி, செஞ்சூட்டில் அடித்து, அரிவாளாக்குவது வழக்கம். இந்த எளிய உண்மையின் மேல் அண்ணன் ஒரு பெரிய சாஸ்திரமே எழுப்பியிருக்கிறார். புதுப் பட்டை ஆகாது. நாலு லட்சம் கிலோமீட்டராவது ஓடியிருக்க வேண்டும். முன்பட்டையைவிடப் பின்பட்டை நல்லது, பாரம் தாங்கிய அனுபவம் அதற்குத்தான். சமவெளியில் ஓடிய வண்டியைவிடக் காஷ்மீர் போய் வந்த வண்டி உசத்தி. ஆழ்துளைக் கிணறு போடுகிற திருச்செங்கோட்டு போர்வண்டிப் பட்டையைக் கையாலும் தொட மாட்டார். “அது நின்ன எடத்துலயே நின்னு குலுங்குனதுங்க. நடை கெடையாது.”

அதிகம் ஓடிய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பொறியியல் படித்த அவருடைய தம்பி மகன் ஒருமுறை சொன்னான். அதன் பிறகு அவன் அந்த வீட்டுக்கு வந்தால் காபி தாமதமாகிறது.

அடுத்தது காற்று. பட்டறைகளில் துருத்தி போய் மோட்டார் ஊதி வந்து வெகுகாலம் ஆயிற்று. அண்ணனுக்கு மோட்டார் காற்றில் பழுத்த இரும்பு பிடிக்காது. தெருமுனையில் அவர் தலை தெரிந்ததும் ஆசாரியின் பையன் சுவிட்சை அணைத்துவிட்டுப் பழைய கைச்சக்கரத்தைச் சுற்றத் தொடங்குவான். தோய்ச்சலையும் அண்ணன் பொழுது சாய்ந்த பிறகுதான் போடச் சொல்வார். வெளிச்சம் மங்கினால்தான் சூட்டின் நிறம் கண்ணுக்குப் பிடிபடும், வைக்கோல் நிறம் ஏறும்போது நிறுத்தினால் கூர், நீலம் ஓடவிட்டால் மெத்து என்பார். இதுவும் சரிதான். அண்ணனோடு இதுதான் தொல்லை, பாதிக்குப் பாதி சரியாகப் பேசிவிடுவார்.

உலை ஆறும் நேரத்தில் சரித்திரம் தொடங்கும். “ஷெஃபீல்டுங்கறான். அந்த ஷெஃபீல்டு கத்தியே நம்ம சேலத்து இரும்புங்க!” இதிலும் ஒரு துளி உண்மை இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியராக இங்கே வந்த ஜோசையா மார்ஷல் ஹீத், 1830களில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தினார். சேலம் பக்கத்துத் தாது அங்கே போயிற்று, உருக்கிய இரும்பு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிற்று. எஃகு உருக்கும்போது மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்கு ஹீத் 1839-இல் காப்புரிமை வாங்கினார். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு எஃகுக்காரர்கள் அதை வைத்துச் செழித்தார்கள். ஹீத் அவர்களோடு கோர்ட்டில் மல்லுக்கட்டியே 1851-இல் கண்ணை மூடினார். அண்ணன் இந்த வழக்கைத் தன் பங்காளி வழக்கு மாதிரி சொல்வார். கேட்பவருக்கு அப்பீல் போடலாமா என்று தோன்றும்.

1981-இல் ஓடத் தொடங்கிய சேலம் உருக்காலையைப் பற்றி மட்டும் அவரிடம் கேட்கக் கூடாது. கஞ்சமலை இரும்பை நம்பி ஊர் கேட்ட ஆலை அது. கடைசியில் வெளியிலிருந்து வந்த சுருளைத் தகடாக உருட்டி எவர்சில்வர் ஆக்கியது. அண்ணனுக்கு அது ஆறாத புண். அந்தத் தகட்டில் செய்த தம்ளரில்தான் வீட்டில் மோர் தருகிறார்கள். வாங்கிக் குடிக்கும்போது ஒரு பெருமூச்சு விடுவார்.

திருப்பாச்சேத்தி அரிவாள் என்று யாராவது சொல்லிவிட்டால், “அது சினிமாவுக்குங்க” என்று ஒரே வார்த்தையில் முடிப்பார். வேற்று ஜில்லாவை அவர் அங்கீகரிப்பதில்லை.

வீட்டில் பரண் மேல் கிழிந்த வேட்டியில் சுற்றி, தேங்காயெண்ணெய் பூசி, வெட்டுக்கத்தி, கொடுவாள், சூரிக்கத்தி, பாளை சீவுவது என்று வரிசையாகக் கிடக்கின்றன. எதுவும் அடுப்படிக்கு இறங்கியதில்லை. அண்ணி குச்சிக்கிழங்கு அரிவது ஓர் அரிவாள்மனையில். கல்யாணத்துக்கு அவர் பிறந்த ஊர்க் கொல்லர் அடித்துக் கொடுத்தது, இன்றைக்கும் வாய் கெடவில்லை. அந்த வீட்டிலேயே உழைத்த ஒரிஜினல் அது ஒன்றுதான். அண்ணன் அதை இதுவரை சுண்டிப் பார்த்ததில்லை, அவர் வாங்கியது இல்லையே.

2021 செப்டம்பரில் தமிழ்நாடு போலீஸ் ரவுடிகளை அள்ளிய கையோடு பட்டறைகளுக்கும் ஓர் உத்தரவு போட்டது. அரிவாள், கத்தி வாங்குபவரின் பெயர், முகவரி, செல் நம்பர், எதற்கு வாங்குகிறார் என்பதையெல்லாம் நோட்டில் பதிய வேண்டும். ஆசாரிகளுக்கு இது தலைவலி. அண்ணனுக்கோ பொற்காலம். தன் ரசனையைப் பதிவு செய்ய அரசாங்கமே ஒரு நோட்டு போட்டிருக்கிறது! மற்றவர்கள் ‘தோட்டத்துக்கு’, ‘வீட்டுக்கு’ என்று எழுதிய இடத்தில் அண்ணன் எழுதியது: “பலா பிளத்தல், சேனை அரிதல். தவிர, நமது தொழில் அழியாதிருக்கும் பொருட்டு. இரும்பு: லேலண்டு பின்பட்டை, மூன்றாவது ஏடு. சத்தம்: திருப்தி.” கட்டத்துக்குள் அடங்காமல் அடுத்த ஆளின் கட்டத்துக்கும் வழிந்தது. பின்னால் வந்த பாளை சீவுகிறவர், தானும் தொழில் அழியாதிருக்கும் பொருட்டே கத்தி வாங்கியதாக நோட்டில் நிற்கிறார்.

நோட்டைப் புரட்டிய ஏட்டையாவுக்கு ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருவது உறுத்தியது. விலாசத்தைப் பார்த்து நேராக வீட்டுக்கே வந்துவிட்டார். அண்ணி பயந்துபோனார். அண்ணனுக்கு வாழ்நாளில் இப்படி ஒரு விருந்தாளி வாய்த்ததில்லை. பரணிலிருந்து மூட்டையை இறக்கித் திண்ணையில் விரித்தார். ஒவ்வொன்றாய்ச் சுண்டினார். காந்தம் வந்தது, ஷெஃபீல்டு வந்தது, ஹீத் செத்தார். விசாரிக்க வந்தவர் மோர் குடித்துக்கொண்டே கேட்டார். கிளம்பும்போது குரலைத் தாழ்த்தினார்.

“ஐயா, எங்க வீட்லயும் ஒரு கத்தி வேணும்னு ரொம்ப நாளா கேக்கறாங்க. கோழி வெட்ட.”

“நாளைக்குச் சாயந்தரம் வாங்க சார், நானே கூட்டிட்டுப் போறன். ஆனா யூனிஃபார்ம் வேண்டாமுங்க.”

“ஏன், ஆசாரி பயப்படுவாரா?”

“பயந்துக்கிட்டுப் புதுப் பட்டையில அடிச்சுக் குடுத்துருவாருங்க.”