நியூட்ரினோ அல்லாதவர்களின் விண்ணப்பம்

அனுப்புநர்: பொட்டிபுரத்துக் குடிமகன் ஒருவன், தேனி மாவட்டம்.

பெறுநர்: கட்டடங்களுக்குத் தீப்பாதுகாப்புச் சான்று வழங்கும், புதுப்பிக்கும், நேரில் பார்த்ததாக எழுதிக்கொள்ளும் அனைத்து அலுவலகங்களும்.

பொருள்: மூட்டைகளையும் பூட்டுகளையும் ஊடுருவிச் செல்லும் ஆற்றல் எங்களுக்கு இல்லை எனத் தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: ஒவ்வொரு தீவிபத்துக்கும் மறுநாள் தாங்கள் விடுத்த கடும் எச்சரிக்கைகள்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அம்பரப்பர் மலையைக் குடைந்து, சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கம் போட்டு, நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மதிப்பீடு சுமார் 1,500 கோடி ரூபாய். போராட்டம் நடந்தது, வழக்குகள் நடந்தன, 2022இல் மாநில அரசும் உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைச் சொல்லிவிட்டது. ஆய்வகம் வரவில்லை, இயற்பியல் மட்டும் டீக்கடை பெஞ்சு வரை வந்து உட்கார்ந்துகொண்டது. சூரியனிலிருந்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நொடிக்கு 6,000 கோடிக்கு மேல் நியூட்ரினோ வருகிறது, மலையோ மனுசனோ அதற்குத் தடையில்லை, இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் போய்விடும் என்று இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இந்தப் பாடம் படித்த பிறகுதான் தங்கள் சான்றிதழ்களின் சூட்சுமம் எங்களுக்கு விளங்கியது. தாங்கள் எங்களையும் நியூட்ரினோ என்றே நினைத்துவிட்டீர்கள்.

விதியில் குறையொன்றும் இல்லை. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016, நான்காம் பகுதியைப் படித்தால் கண்ணில் நீர் வரும். கடை என்றால் பொதுவாக 30 மீட்டருக்குள் வெளியேறும் வழி இருக்க வேண்டும். அந்த வழி எப்போதும் தடையில்லாமல் இருக்க வேண்டும். உள்ளே இருப்பவர் தப்பிக்கச் சாவி தேடக் கூடாது. லிஃப்டை வெளியேறும் வழியாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இதை எழுதியவர் மனிதர்களுக்காக எழுதியிருக்கிறார். சான்று கொடுத்தவர் நியூட்ரினோவுக்குக் கொடுத்திருக்கிறார். ஜவுளிக்கடையின் பின்படிக்கட்டில் தீபாவளிச் சரக்கு பண்டல் பண்டலாக நிற்கிறது. லாட்ஜில் மாடிக் கதவுக்குத் திருட்டுப் பயத்தால் இரும்பு கிரில். பூட்டின் சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் டீக்கடையில். கல்யாண மண்டபத்தின் பின்வாசலில் காஸ் சிலிண்டர்களும் அடுக்கிய நாற்காலிகளும் வரவேற்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே பச்சைப் பலகையில் ஒருவன் ஓடிக்கொண்டிருக்கிறான். 1970களில் ஜப்பானில் பெரிய கடைகள் அடுத்தடுத்து எரிந்தன. ஒசாகாவில் மட்டும் 1972இல் 118 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு யூகியோ ஓட்டா என்பவர் செம்மைப்படுத்தி, உலகின் பல நாடுகள் ஏற்றுக்கொண்ட உருவம் அது. மூட்டைகளுக்கு மேலே இருப்பதால் நம் ஊரில் அவன் ஒருவனுக்குத்தான் வழி கிடைக்கிறது. போடிமெட்டு ஏறும் எங்கள் ஏலத்தோட்ட ஜீப்பே மேல். அதில் எல்லாப் பக்கமும் அவசர வழிதான், பாதிப் பேர் ஏற்கெனவே வெளியேதான் தொங்குகிறார்கள்.

நாங்கள் நியூட்ரினோ இல்லை என்பதற்கு ஆதாரம் கேட்பீர்கள். தங்கள் கோப்புகளிலேயே இருக்கிறது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் காப்பகம் எரிந்தபோது மனநலம் குன்றிய 28 பேர் சங்கிலியைத் தாண்டவில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில் 94 குழந்தைகள் எரியும் கூரைக்கடியிலிருந்து வெளியேறவில்லை. 2024 டிசம்பரில் பக்கத்துத் திண்டுக்கல்லில் தனியார் மருத்துவமனை ஒன்று தீப்பிடித்தபோது 6 பேர் இறந்தார்கள். லிஃப்டுக்குள் சிக்கியிருந்தவர்கள் அவர்கள்.

மலையில் சுவரே இல்லையே என்றால், குரங்கணி எங்களுக்குப் பக்கம். 2018 மார்ச் 11 அன்று காய்ந்த புல்லில் தீ பரவி, மலையேற வந்தவர்களில் 23 உயிர் போனது. சரிவில் தீ ஏறும் வேகத்துக்கு மனிதக் கால் ஈடுகொடுக்காது. முதலில் ஓடிப்போய்த் தூக்கிவந்தவர்கள் அந்த மலைக்காரர்கள்தான். மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் அதே ஆண்டில் வந்தன, உயிர்கள் போன பிறகு. நம் நாட்டில் விதி எப்போதும் தீக்குப் பின்னால்தான் மலையேறுகிறது.

ஆகவே தாங்கள் கருணைகூர்ந்து கீழ்க்கண்டவற்றைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்:

1. சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்ட உத்தரவிடும்போது பக்கத்திலேயே ஒரு சுத்தியலும் வைக்கச் சொல்லவும். அவசரத்தில் உடைத்துப் பார்த்து, கட்டடம் பாதுகாப்பானது என்று தெரிந்துகொண்டு நிம்மதியாக இருப்போம்.

2. அது செலவு என்றால், செலவில்லாத வழி ஒன்று உண்டு. ஆய்வுக்கு வரும் அதிகாரி முன்னறிவிப்பின்றி, வியாபாரம் மும்முரமாக நடக்கும் நேரத்தில் மேல்மாடிக்கு ஏறட்டும். மின்சாரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, முதலாளியையும் கூட்டிக்கொண்டு, பச்சை மனிதன் காட்டும் திசையில் இறங்கி வரட்டும். தெருவில் கால் வைத்த பிறகு, அங்கேயே நின்று கையெழுத்துப் போடட்டும். வழியில் எங்காவது இருவரும் நின்றுவிட்டால், அந்த இடத்தின் பெயரைச் சான்றிதழில் எழுதட்டும்.

இப்படிக்கு,
சுவரில் முட்டினால் தலை வீங்கும்
பொட்டிபுரத்துக் குடிமகன்