கொக்கி போட்ட கேள்விகள்

கேள்வி: திருவொற்றியூர் குப்பத்தில் சூரை மீனுக்கென்றே துறைமுகம் திறந்திருக்கிறார்களே, சூரைக்குத் தகவல் சொல்லியாச்சா?
– குசும்பன், காலடிப்பேட்டை

பதில்: சூரை நாடோடி. அழைத்தால் வராது, தேடித்தான் போகணும். 2025-ல் முதல்வர் ஸ்டாலின் திறந்துவைத்தார், செலவு இருநூறு கோடிக்கு மேல். காசிமேட்டில் படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இன்னொரு துறைமுகம் எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. கரையோரத்தை இழுவலை அரித்துத் தின்றுவிட்டது, இனி ஆழக்கடலுக்குப் போய் லாங்லைன் போடுங்கள் என்பது அரசின் கணக்கு. கணக்கில் பிழையில்லை. ஆனால் துறைமுகம் படகுக்குத்தான் இடம் தரும், மீனுக்கு விலை தராது. அங்கே போனால் தூண்டில் வளைவுச் சுவரை வேடிக்கை பார்க்காதீர்கள். ஐஸ் தடையில்லாமல் கிடைக்கிறதா, ஏலத்தில் தரம் பார்த்து விலை வைக்கிறார்களா என்று பாருங்கள்.

கேள்வி: லாங்லைன், லாங்லைன் என்கிறீர்களே, அது என்ன?
– கல்லூரி மாணவி, தண்டையார்பேட்டை

பதில்: நீளமான ஒரு தாய்க்கயிறு. அதிலிருந்து தொங்கும் கிளைக்கயிறுகள். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு கொக்கி, ஒரு இரை. கயிறு முழுகிப் போகாமல் மிதவைகள் தாங்கும். இறக்கிவிட்டுச் சில மணி நேரம் காத்திருந்து இழுக்க வேண்டும். நம்மூர்ப் படகில் சில நூறு கொக்கி இருக்கும். பெரிய அந்நியக் கப்பல் ஒரே இறக்கத்தில் இரண்டாயிரம், மூவாயிரம் போடும். கயிறு நூறு கிலோமீட்டருக்குப் போகும், ராயபுரத்தில் ஒரு முனையைக் கட்டினால் மறுமுனை காஞ்சிபுரத்தைத் தாண்டிவிடும். இவ்வளவுக்கும் நூறு கொக்கிக்கு ஒரு சூரை விழுந்தாலே நல்ல நாள். இந்தியப் பெருங்கடலில் ஜப்பான்காரர்கள் 1950-களிலேயே இதைத் தொடங்கிவிட்டார்கள். மீன்பிடிக் கப்பலுக்கு ஆள் தயார் செய்யும் சிஃப்நெட்டின் சென்னைக் கிளை ராயபுரத்தில் 1968 முதல் இருக்கிறது. ஆக, புதுச் சமாச்சாரம் இல்லை. நாம்தான் தாமதம்.

கேள்வி: வலைதான் எல்லாவற்றையும் வாரும். தூண்டிலில் என்ன பாவம் இருக்கிறது?
– நியாயஸ்தன், புதுவண்ணாரப்பேட்டை

பதில்: பாவத்தின் அளவு குறைவு, அவ்வளவுதான். லாங்லைன் கடலடியைச் சுரண்டுவதில்லை, குஞ்சுகுளுவானை அள்ளுவதில்லை. அதற்காகவே அதற்கு என் ஓட்டு. ஆனால் கொக்கிக்குக் கண் கிடையாது. சூரைக்கு வைத்த இரையைச் சுறா தின்னும், ஆமை தின்னும், மயில்மீன் தின்னும். தென்கோடிக் கடல்களில் ஆல்பட்ராஸ் பறவை மேலிருந்து பாய்ந்து கொக்கியோடு மூழ்கும். அதைத் தடுக்க இரவில் கயிறு இறக்குகிறார்கள், எடை கட்டிச் சீக்கிரம் அமிழ்த்துகிறார்கள், படகின் பின்னால் வண்ண நாடாக்களைப் பறக்கவிட்டு விரட்டுகிறார்கள். வங்கக்கடலில் நம் கவலை ஆமையும் சுறாவும்தான்.

கேள்வி: வட்டக் கொக்கி போடு, வட்டக் கொக்கி போடு என்று அதிகாரிங்க சொல்றாங்க. போட்டா மீன் குறையாதா அண்ணே?
– படகு டிரைவர், காசிமேடு

பதில்: தம்பி, கடலுக்குப் போகிறவர் நீங்கள், கரையில் நின்று எழுதுகிறவன் நான். இருந்தாலும் கேட்டதால் சொல்கிறேன். நாம் போடும் 'ஜே' கொக்கியை ஆமை விழுங்கினால் குடலில் போய்க் குத்தும். வட்டக் கொக்கியின் முனை உள்பக்கமாக மடங்கியிருப்பதால் பெரும்பாலும் வாயோரத்தில்தான் மாட்டும். கழற்றிவிட்டால் ஆமை பிழைக்க வாய்ப்பு உண்டு. ஹவாயில் ஆமைகள் சிக்கியதால் வாள்மீன் லாங்லைனை 2001-ல் நீதிமன்றமே நிறுத்திவைத்தது. 2004-ல் பெரிய வட்டக் கொக்கி, கணவாய்க்குப் பதிலாக மீன் இரை என்ற நிபந்தனையோடு திறந்தார்கள். பெருந்தலை ஆமைகள் சிக்குவது பத்தில் ஒன்பது பங்கு குறைந்தது. சூரைக்கு வட்டக் கொக்கி நன்றாகவே மாட்டும் என்பதுதான் பல கடல்களில் கண்ட அனுபவம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: கிளைக்கயிற்றின் நுனியில் இரும்புக் கம்பி கட்டினால் சுறா கடித்துத் தப்பாது, நைலான் கட்டினால் கடித்துவிட்டுப் போய்விடும். சுறா வேண்டாதவர் நைலான் கட்டலாம். வேண்டுகிறவர் என்ன கட்டுவார் என்று உங்களுக்கே தெரியும்.

கேள்வி: 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் ஆயிரத்துக்கு மேல் ஆமைகள் செத்து ஒதுங்கினவே, அதுவும் லாங்லைன் வேலையா?
– கடற்கரை நடையாளி, ராயபுரம்

பதில்: இல்லை. விரல்கள் பெரும்பாலும் இழுவலையைத்தான் காட்டின. ஆமை மூச்சு விட மேலே வர வேண்டிய பிராணி. வலைக்குள் மாட்டிக்கொண்டால் மூழ்கிச் சாகும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவலை கூடாது, வலையில் ஆமை தப்பிக்கும் கருவி பொருத்த வேண்டும் என்று விதிகள் உண்டு. அந்தக் கருவி வழியே கொஞ்சம் மீனும் தப்பிக்கும் என்பது படகுக்காரர் கவலை. அந்தக் கவலையை யாரும் தீர்க்காததால் கருவி கரையிலும் ஆமை கடலிலும் இருக்கிறது. வலையில் இந்தக் கருவி இல்லாததைக் காரணம் காட்டித்தான் கடலில் பிடித்த நம் இறாலை அமெரிக்கா வாங்க மறுக்கிறது.

கேள்வி: ராமேசுவரத்தில் இழுவலையை விட்டுவிட்டு லாங்லைனுக்கு மாறச் சொன்னார்களே, என்ன ஆச்சு?
– பழைய பேப்பர் படிப்பவன், திருவொற்றியூர்

பதில்: இதைக் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்ல வேண்டும். 2017 ஜூலையில் பிரதமர் மோடி ராமேசுவரம் வந்தபோது முதல் அனுமதிக் கடிதங்களைக் கொடுத்தார். பாக் நீரிணையில் இழுவலை போடும் படகை ஒப்படைத்துவிட்டு ஆழ்கடல் படகு வாங்க வேண்டும். விலை 80 லட்சம். மத்திய அரசு பாதி, மாநிலம் 20 சதவீதம், வங்கிக் கடன் 20, மீனவர் கையிலிருந்து 10. மொத்த இலக்கு 2000 படகு. காகிதத்தில் அழகு. நடந்ததோ, நூறு படகைத் தொடுவதற்கே மூச்சு வாங்கியது.

ஏன்? படகுச் செலவு 80 லட்சத்தோடு நிற்கவில்லை. வங்கிக்காரருக்குக் கடல் என்றாலே தலைசுற்றல். இதற்கெல்லாம் மேலே, இன்று போய் நாளை திரும்பும் ஆளிடம் 'வாரக்கணக்கில் கடலில் இரு' என்றார்கள். அது படகு மாற்றமில்லை, வாழ்க்கை மாற்றம். அந்த வாழ்க்கையைத் தலைமுறையாகப் பழகியவர்கள் குமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரர்கள், சுறாவைத் தேடி அரபிக்கடல் முழுக்கப் போனவர்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது அவர்களில் பலர் திரும்பவே இல்லை. கரையிலிருந்து தகவல் எட்டாத தூரத்தில் இருந்தார்கள். ஆழ்கடலுக்குப் போ என்று சொல்கிறவர் முதலில் தகவல் போகும் கருவியைக் கையில் கொடுக்க வேண்டும்.

இன்னொரு வேடிக்கை: அந்தத் திட்டத்துப் படகின் பெயரே 'லாங்லைன் மற்றும் செவுள்வலை'ப் படகு. கடலில் தொங்கும் நீளச் செவுள்வலையில் ஓங்கில், ஆமை எல்லாம் சிக்கும். இரண்டரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள மிதவலையைப் பன்னாட்டுக் கடலில் போடாதீர்கள் என்று ஐ.நா. 1990-களிலேயே சொல்லிவிட்டது.

கேள்வி: 61 நாள் தடைக்காலம் இருக்கிறதே, அது போதாதா?
– சும்மா கேட்டேன், எண்ணூர்

பதில்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கரையோர மீனுக்கு ஓய்வு. சூரை அந்த நேரத்தில் எந்த நாட்டுக் கடலில் இருக்கிறதோ! அதனால்தான் செஷல்ஸில் இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் உட்கார்ந்து நாடுகளுக்கிடையே பங்கு பேசுகிறது. மஞ்சள்துடுப்புச் சூரையை அளவுக்கு மீறிப் பிடித்துவிட்டோம் என்று 2015-ல் எச்சரித்தார்கள். 2024 மதிப்பீட்டில் தேறியிருப்பதாகச் சொல்கிறார்கள். தேறியவுடன் பாய்ந்துவிடக் கூடாது. கணக்குக் காட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையைப் பாருங்கள்: 2015-ல் ஐரோப்பா அவர்கள் மீனை வாங்க மறுத்தது, படகில் இருப்பிடம் காட்டும் கருவி பொருத்தி, பதிவேடு எழுதி 2016-ல்தான் மீண்டார்கள். நமக்கும் 2025 நவம்பரில் மத்திய அரசு புது விதி போட்டது. அனுமதிச் சீட்டு, கூட்டுறவுச் சங்கங்களுக்கு முன்னுரிமை, எல்.இ.டி. விளக்குக்கும் இரட்டைமடி வலைக்கும் தடை. அமலாக்கத்தைப் பார்த்துவிட்டுக் கைதட்டுகிறேன்.

கேள்வி: முகத்துவாரத்தில் சாம்பலும் எண்ணெயும். இதில் கொக்கியின் வளைவைப் பற்றிப் பேசுகிறீர்களே?
– கோபக்காரி, எண்ணூர்

பதில்: கோபம் நியாயம். 2017-ல் கப்பல் மோதி எண்ணெய், 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆலை எண்ணெய், இதற்கு நடுவே கொசஸ்தலையாற்றில் அனல்மின் சாம்பல். இறாலும் நண்டும் வளரும் இடத்தைக் கெடுத்துவிட்டு ஐம்பது மைல் தள்ளிப் போய்ப் பிடி என்பது ஒருவகையில் துரத்தல்தான். கொக்கி, கழிவு இரண்டைப் பற்றியும் கேட்க வேண்டும்.

கேள்வி: வஞ்சிரம் இருக்க சூரையை எவன் வாங்குவான்?
– வஞ்சிரத்து விசுவாசி, வண்ணாரப்பேட்டை

பதில்: ஜப்பான்காரன் வாங்குவான், நம் விலையைப் போலப் பல மடங்கு கொடுத்து. ஆனால் எல்லாச் சூரையையும் இல்லை. பிடித்த உடனே கொன்று, ரத்தம் வடித்து, ஐஸ் கலந்த நீரில் போட்டதை மட்டும். நம் படகில் முதல் நாள் பிடித்தது பதினைந்தாம் நாள் கரைக்கு வருவதற்குள் தரம் போய்விடுகிறது. விலை பாதிக்குப் பாதி விழுந்தால் படகுக்காரர் என்ன செய்வார்? இரண்டு மடங்கு பிடிப்பார். கொக்கியை எப்படி வளைத்தாலும் இந்தக் கணக்கை வளைக்க முடியாது. குறைவாகப் பிடித்து நிறைய சம்பாதிக்க வழி செய்தால்தான் கடலுக்கு மூச்சு. மாலத்தீவில் ஒற்றைத் தூண்டிலில் ஒவ்வொன்றாகப் பிடித்த வரிச்சூரைக்கு 2012-லேயே உலகத் தரச் சான்று வாங்கி விற்கிறார்கள். நம் மினிக்காய்த் தீவிலும் அதே பிடிதான், அங்கே காய்ந்து வருவதுதான் மாசி.

கேள்வி: சரி, வாங்கிப் பார்க்கிறேன். நல்ல சூரையை எப்படிக் கண்டுபிடிப்பது?
– அதே விசுவாசி

பதில்: மனம் மாறியதற்கு நன்றி. செவுள் சிவப்பாக இருக்கணும், சதை விரலால் அழுத்தினால் எழணும், நடுவில் பழுப்பேறியிருந்தால் நகர்ந்துவிடுங்கள். ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் சேரும். தின்றால் முகம் சிவந்து உடம்பெல்லாம் அரிக்கும், எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போகாது. காலை ஏலத்தில் வாங்குங்கள். பேரம் பேசும்போது, "ஐஸ் போட்டதா, எந்தப் படகு?" என்று கேளுங்கள். நாலு பேர் கேட்க ஆரம்பித்தால் ஐந்தாவது படகில் ஐஸ் பெட்டி ஏறும். குழம்புக்குப் புளி கூட்டிப் போடுங்கள், சூரை தாங்கும்.