கல்திட்டைக்குச் சிமெண்ட் வேண்டாம்

கேள்வி: கிருஷ்ணகிரி மல்லசந்திரத்தில் சரிந்து கிடக்கும் கல்திட்டைகளைச் சிமெண்ட் பூசி நிமிர்த்திவிட்டால் என்ன?
– வாசகர், செந்துறை

பதில்: சிமெண்ட் ஆலைகள் சூழ்ந்த அரியலூர் மாவட்டத்துக்காரர் இப்படிக் கேட்பது இயல்புதான். ஆனால் நம் வீட்டுக்குப் பலம் தரும் சிமெண்ட், கல்திட்டைக்கு நோய். பழங்காலத்தில் இறந்தோருக்காகக் கற்பலகைகளால் எழுப்பிய ஈமச்சின்னமே கல்திட்டை. அதை எழுப்பியவர்கள் சாந்து எதுவும் பூசவில்லை. பக்கப் பலகைகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். மேலே மூடுகல்லின் பாரம் அவற்றை அசையாமல் அழுத்திப் பிடிக்கும். அந்த எடைக் கணக்குதான் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் அதைக் காத்தது. சிமெண்டோ ஈரத்தைத் தேக்கி, உப்பைக் கசியவிட்டுக் கல்லை அரிக்கும். பிறகு பெயர்த்தால் கல்லும் சேர்ந்து பெயரும்.

முறையான வழி: படமெடுத்து, அளந்து, ஒவ்வொரு கல்லுக்கும் எண்ணிட்டு, பழைய குழியிலேயே நிறுத்துவது. தூத்துக்குடி மாவட்டத்து ஆதிச்சநல்லூரில் 2023-இல் அகழ்வுக் குழிகளின் மேல் கண்ணாடித் தளமிட்டு, இறந்தோரைப் புதைத்த முதுமக்கள் தாழிகளை இருந்த இடத்திலேயே காட்டினார்கள். அதுதான் மரியாதை.

உங்கள் வயலிலும் இப்படியொரு தாழி தட்டுப்பட்டால் கடப்பாரையைக் கீழே வையுங்கள். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும். பாட்டன் பூட்டனின் தாழிக்கு விலை ஏது? உடனே சொல்லிவிடுங்கள்!