கிணற்றுக்குள் ராஜத்துரோகம்

1912 வாக்கில் ஒரு நாள், புதுச்சேரியில் புரட்சிக்காரர் வ.வே.சு. ஐயர் வீட்டுக் கிணற்றில் வாளி விட்ட வேலைக்காரப் பெண்ணுக்குத் தண்ணீரோடு ராஜத்துரோகமும் சேர்ந்து வந்தது. ஒரு ஜாடி. உள்ளே அரசாங்கத்தைத் திட்டும் துண்டுப் பிரசுரங்கள், வங்காளி எழுத்தில் சில காகிதங்கள், காளி படம். வெடிகுண்டு ஒன்றுதான் குறை. அதற்கு மேலிடத்தில் பணம் ஒதுக்கவில்லை போலிருக்கிறது.

காளி படத்தைச் சேர்த்தவரின் சிரத்தையை மெச்சத்தான் வேண்டும். வங்காளி என்றால் காளி, காளி என்றால் குண்டு என்பது அன்றைய போலீஸ் கணக்கு. திருச்சி வரகனேரிக்காரர் வீட்டுக் கிணற்றில் வங்காளி எழுத்து எப்படி முளைத்தது என்று யாராவது கேட்பார்களே என்ற கவலை மட்டும் அவருக்கு வரவில்லை.

ஜாடி உள்ளே போன கதையைச் சொல்ல நாலு வருஷம் பின்னால் போகவேண்டும். 1908-இல் சென்னை அரசாங்கம் சுதேசிக்காரர்களை அள்ளிக்கொண்டிருந்தது. கப்பல் விட்ட குற்றத்துக்கு வ.உ.சி. உள்ளே போனார். ‘இந்தியா’ பத்திரிகைக்குச் சட்டப்படி ஆசிரியராகப் பெயர் கொடுத்திருந்த சீனிவாசனும் உள்ளே போனார். நிஜமாக எழுதிக்கொண்டிருந்த பாரதி புதுச்சேரிக்கு ரயிலேறினார். 1910 ஏப்ரல் 4-ஆம் தேதி ‘டூப்ளே’ என்ற கப்பலில், ஜதீந்திரநாத் மித்தர் என்ற பெயரில் வங்காளத்து அரவிந்தர் வந்து இறங்கினார். அதே வருஷம் அக்டோபரில் லண்டன் போலீசுக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு ஐயர் வந்து சேர்ந்தார். வழியில் சீக்கியர் வேஷத்தில் இருந்தவரின் பெட்டியில் ‘வி.வி.எஸ்.’ என்று பார்த்துவிட்டு ஒரு துப்பறிவாளர் நெருங்க, ‘வீர விக்ரம் சிங்’ என்று ஐயர் சளைக்காமல் சொன்னதாக ஒரு கதை உண்டு. அந்தத் துப்பறிவாளருக்கு அப்புறம் பதவி உயர்வு கிடைத்ததா என்று கதை சொல்கிறவர்கள் சொல்வதில்லை.

புதுச்சேரியில் வெள்ளைக்காரன் சட்டம் செல்லாது. அங்கே வேறு வெள்ளைக்காரன் சட்டம். அதுவும் பிரெஞ்சு நிலம் ஒரே துண்டாக இல்லை. நடுநடுவே பிரிட்டிஷ் கிராமங்கள். ஒரு வயலைத் தாண்டினால் ராஜத்துரோகி, திரும்பி வந்தால் முசியே. சென்னை சி.ஐ.டி. யோசித்துப் பார்த்தது. ஆளைப் பிடிக்க முடியாது. ஆனால் பார்த்துக்கொண்டே இருக்கலாம் அல்லவா? ஊருக்குள் வாடகைக்கு வீடு பிடித்தார்கள். ரயிலடியில் ஆள் நின்றது. தபாலாபீசில் கடிதங்கள் சேரவேண்டியவருக்கு முன்னால் வேறு சிலர் கைக்குப் போய் வந்தன. வெள்ளை நகரத்துக்கும் கறுப்பு நகரத்துக்கும் நடுவே ஒரு வாய்க்கால்தான் அகலம் என்று இருந்த சின்ன ஊரில் இத்தனை ஒற்றர்கள் நடமாடினால் யார் ஒற்றர் என்று தெரியாமலா இருக்கும்? ரகசியமாக இருந்தது அவர்கள் சம்பளம் மட்டும்தான்.

அவர்கள் என்ன பார்த்திருக்க முடியும்? பாரதி கடற்கரைக்குப் போகிறார், வருகிறார், சத்தமாகப் பாடுகிறார். அரவிந்தர் வெளியே வருவதே இல்லை. அவரோடு இருந்த வங்காளப் பையன்கள் உள்ளூர்க் கிளப்பில் பந்து உதைக்கிறார்கள். இதையெல்லாம் அப்படியே அறிக்கையாக எழுதி அனுப்பினால் என்ன ஆகும்? ‘ஆபத்து இல்லை, நீ கிளம்பி வா’ என்று பதில் வரும். பிள்ளைகுட்டிக்காரன் யார்தான் அப்படி எழுதுவான்? ஆபத்தைக் கண்காணிக்க ஆள் வைத்தால், ஆபத்து தீராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் அந்த ஆளின் தலையிலேயே விழுந்துவிடுகிறது. ஜாடியின் பூர்வீகம் இதுதான்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், ஆபத்து நிஜமாகவே இருந்தது. 1911 தொடக்கத்தில் காட்டிலாகாவில் வேலை பார்த்த ஒரு செங்கோட்டைக்காரர் விடுப்புப் போட்டுவிட்டுப் புதுச்சேரிக்கு வந்தார். ஐயரைப் பார்த்தார். துப்பாக்கி சுடப் பழகினார். திரும்பிப் போனார். ரயிலடியில் நின்ற கண்கள் அன்றைக்கு எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தனவோ, 1911 ஜூன் 17 காலை மணியாச்சி சந்திப்பில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். கொடைக்கானல் போகப் போட் மெயிலுக்காக மனைவியோடு ரயில் பெட்டியில் காத்திருந்தவர். சுட்ட அந்தச் செங்கோட்டைக்காரர் வாஞ்சிநாதன் பிளாட்பாரத்துக் கக்கூசுக்குள் ஓடித் தன்னையும் சுட்டுக்கொண்டார். மனைவி கண்ணெதிரே ஒருவர் செத்ததில் சிரிக்க ஒன்றுமில்லை. வாஞ்சியின் சட்டைப்பையில் இருந்த கடிதத்திலும் இன்றைக்குப் பெருமையாக வாசித்துக் காட்ட முடியாத வசவுகள் உண்டு. சிலை வைக்கிறவர்கள் அந்த வரிகளை வேகமாகத் தாண்டிவிடுவார்கள்.

அந்தக் கடிதத்தில் இருந்த ஒரு எண்தான் கச்சேரியைக் களைகட்ட வைத்தது. ஐந்தாம் ஜார்ஜைத் தீர்த்துக்கட்ட 3000 மதராசிகள் சபதம் எடுத்திருக்கிறார்களாம். ராஜாவுக்கு லண்டனில் ஜூன் 22-இல் முடிசூட்டு விழா. டிசம்பரில் டில்லி தர்பாருக்கு வரப்போகிறார். அரசாங்கம் கதிகலங்கிப் போயிற்று. மாகாணம் முழுக்கச் சலித்துக் கடைசியில் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது 14 பேரை. முதல் எதிரியான நீலகண்ட பிரம்மச்சாரிக்கு 7 வருஷம், மற்ற சிலருக்கு அதைவிடக் குறைவு. சதியில் பங்குண்டு என்று தேடப்பட்ட ஒட்டப்பிடாரம் மாடசாமி கடைசிவரை கிடைக்கவே இல்லை.

கோட்டை விட்ட அரசாங்கம் செய்வது எந்தக் காலத்திலும் ஒன்றுதான்: எதைச் செய்து கோட்டை விட்டதோ அதையே இரண்டு பங்காகச் செய்யும். புதுச்சேரியில் ஒற்றர் கூட்டம் பெருகியது. சென்னை ஆங்கிலப் பத்திரிகை ஒன்று ஊரையே அராஜகவாதிகளின் கூடு என்றது. அரவிந்தர் ஜூலையில் ‘தி இந்து’வுக்குக் கடிதம் எழுதி மறுத்தார். பிரெஞ்சுக்காரர்களையும் நெருக்கியதில், வெளியூரார் எல்லோரும் பதிவு செய்துகொள்ள வேண்டும், 5 கௌரவ மாஜிஸ்திரேட்டுகள் நல்லவர் என்று கையெழுத்துப் போடவேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. பயங்கரவாதத்தை ஒழிக்கக் கையெழுத்து! பரங்கியர் ராஜ்யத்துக்குச் சிம்ம சொப்பனமாக இருப்பவருக்கு எந்தப் பெரிய மனிதர் ஜாமீன் நிற்பார் என்பது கணக்கு. உள்ளூர்க்காரரான கலவை சங்கர செட்டியார் ஒரு சுற்றுச் சுற்றி ஐந்து கையெழுத்தையும் வாங்கி வந்துவிட்டார். உள்ளூர்ப் பெரிய மனிதர்களுக்குச் சி.ஐ.டி.யை விடச் செட்டியாரிடம் நம்பிக்கை.

சட்டம் கைகொடுக்காதபோது ஆள்கடத்தலையும் முயன்றார்கள். தேர்தலுக்குத் தேர்தல் ரௌடிப் படையோடு இறங்கும் நந்தகோபாலு செட்டி என்பவர் மூலம் அரவிந்தரைத் தூக்கி எல்லைக்கு அந்தப் பக்கம் போட்டுவிட ஏற்பாடு. செய்தி கசிந்து, பந்து உதைக்கும் பையன்கள் ஆசிட் பாட்டில்களோடு ராத்திரி முழுக்க வாசலில் விழித்திருந்தார்கள். யாரும் வரவில்லை. தேர்தல் தகராறு ஒன்றில் அதே நாள் செட்டி மேல் வாரண்டு பிறந்து, அவர் சென்னைக்கு ஓடிவிட்டார். கடத்த வந்தவர் தன்னையே கடத்திக்கொண்டு போனதோடு அந்தத் திட்டம் முடிந்தது.

அப்புறம்தான் ஜாடி. கிணற்றில் கிடைத்ததை அப்படியே எரித்துவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படிச் செய்யாமல், ஐயரும் நண்பர்களும் பிரெஞ்சுப் போலீசுக்கு நாமே போய்ச் சொல்லிவிடுவோம் என்று முடிவெடுத்தார்கள். சொன்னார்கள். மயூரேசன் என்ற ஒற்றர் பிரெஞ்சு அதிகாரிகளிடம் புகார் கொடுத்திருந்தார். இன்னின்னார் வீட்டில் தேடினால் சதி கிடைக்கும் என்பது சாரம். விசாரணை நீதிபதி முசியே நாந்தோ பரிவாரத்தோடு அரவிந்தர் வீட்டுக்குச் சோதனைக்குப் போனார். மேஜையைத் திறந்தால் கிரேக்கப் புத்தகம். பெட்டியைத் திறந்தால் லத்தீன். பிரெஞ்சுக்காரருக்கு அந்த இரண்டும் தெரிந்தவர் கெட்டவராக இருக்கவே முடியாது. வந்த வேலையை மறந்து, நேரம் கிடைக்கும்போது தன் அலுவலகத்துக்கு வரச்சொல்லி அழைத்துவிட்டுப் போனார். ஹோமர் ஜாமீனில் ஒருவர் வீடு தப்பிய வேறு கேஸ் எனக்குத் தெரிந்து இல்லை. பொய்ப் புகாருக்கு வழக்குப் போடுவார்களே என்று பயந்து மயூரேசன் பிரிட்டிஷ் எல்லைக்குள் ஓடினார். ராஜத்துரோகிகள் வயலைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தார்கள். ராஜ விசுவாசி அந்தப் பக்கம் தாண்டவேண்டியதாயிற்று.

ஜாடியால் ஊருக்கு ஒன்று உறுதியாயிற்று: போலீஸ் கண்டெடுத்தது என்றால் போலீஸ் போட்டது. அதில் ஒரு சங்கடம். நிஜமாகவே சதி நடந்து அதைப் போலீஸ் கண்டுபிடித்திருந்தாலும் இனி யாரும் நம்பப் போவதில்லை. ஐயர் யாருக்கும் சுடக் கற்றுக்கொடுக்கவே இல்லை என்று சத்தியம் செய்ய அன்றைக்கு ஊரில் எத்தனையோ பேர் கிடைத்திருப்பார்கள். வாஞ்சி மட்டும் தானாகவே குறி பார்க்கப் பழகினாரா என்ன?

நம்பிக்கை எந்த அளவுக்குச் செத்துப்போயிற்று என்பதற்கு பீரேன் ராய் சாட்சி. அரவிந்தர் வீட்டிலேயே தங்கியிருந்த வங்காளி, சி.ஐ.டி. சம்பளத்தில் இருந்தவர். தனக்குப் பதிலாக வரப்போகிற ஒற்றர் தன்னை அடையாளம் கண்டுகொள்ளத் தலையை மொட்டையடித்துக்கொண்டார். அதைப் பார்த்து வீட்டில் இன்னொரு பையன் விளையாட்டுக்குத் தானும் மொட்டையடித்துக்கொண்டான். பீரேனுக்குக் குலை நடுங்கியது. குட்டு உடைந்துவிட்டது, கிண்டல் செய்கிறார்கள்! ஒரு நாள் எல்லோரும் கொஞ்சம் ஒயின் குடித்திருந்த வேளையில், ‘நான் ஒற்றன்’ என்று சொல்லிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். திரும்பச் சொன்னார். இன்னும் சிரித்தார்கள். கடைசியில் கூலியாக வந்த பணத்தை எடுத்துவந்து அரவிந்தர் காலடியில் வைத்து அழுத பிறகுதான் நம்பினார்கள்.

1914-இல் உலகப் போர். செப்டம்பர் 22 இரவு ஜெர்மானிய எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. அரசாங்கம் காப்பாற்றும் என்று நம்பாத சென்னைவாசிகள் மூட்டை கட்டிக்கொண்டு ஓடினார்கள். பிரெஞ்சும் பிரிட்டிஷும் இப்போது கூட்டாளிகள். புதுச்சேரியில் தஞ்சம் புகுந்திருந்தவர்களை அல்ஜீரியாவுக்கு ஏற்றுமதி செய்துவிடலாமா என்று பேச்சு கிளம்பியது. எப்போது கப்பலேற்றுவார்களோ என்ற கவலையோடு ஐயர் உட்கார்ந்து திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்து முடித்தார். 1916-இல் புத்தகமாக வந்தது. சென்னை சி.ஐ.டி. தமிழுக்குச் செய்த தொண்டு என்று ஒன்று உண்டென்றால் இதைத்தான் சொல்லவேண்டும்.

போர் ஓய்ந்த ஒன்பதாம் நாள், 1918 நவம்பர் 20-இல், பாரதி எல்லையைத் தாண்டினார். உடனே பிடித்துக் கடலூர்ச் சிறையில் வைத்தார்கள். பத்து வருஷக் கண்காணிப்பில் திரட்டியதை வைத்து ஒரு வழக்குகூடப் போட முடியவில்லை. டிசம்பர் 14-இல் நிபந்தனைகளோடு விட்டார்கள். அதில் ஒன்று, இனி எழுதுவதை வெளியிடுமுன் சி.ஐ.டி. டி.ஐ.ஜி.யிடம் காட்டவேண்டும் என்பது. அதுவரை திருட்டுத்தனமாகப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அன்றைக்குத்தான் முதல் வாசகர் என்ற அந்தஸ்து சட்டபூர்வமாகக் கிடைத்தது.