எரிமலையின் நாட்காட்டியும் அமைச்சர்களின் நாட்காட்டியும்

பெறுநர்: ஜெர்மன் மாநிலங்களின் கல்வி அமைச்சர்கள் நிலையான மாநாடு, பெர்லின்.

பொருள்: ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரு வீட்டார் ஒரே சமயத்தில், இந்தியப் பெருங்கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனுக்குச் சென்று வருவதற்கு அனுமதி அல்லது அனுதாபம் வேண்டுதல்.

மாண்புமிகு மாநாட்டினருக்கு,

ஜெர்மனியின் அடிப்படைச் சட்டம் 1949-ல் நடைமுறைக்கு வருவதற்கு ஓராண்டு முன்னதாகவே, 1948-ல், இம்மாநாடு கூடிவிட்டது என்பதும், கல்வி மாநிலங்களுக்கே உரிய அதிகாரம் என்னும் கோட்பாட்டின்படி நடுவண் அரசுக்கு ஒரு பள்ளி மணியைக்கூட அடிக்கும் உரிமை இல்லை என்பதும் இந்நாட்டில் குடியேறியோர் மெல்ல மெல்லக் கற்றுக்கொள்ளும் பாடங்கள் ஆகும். 1964-ஆம் ஆண்டின் ஹம்புர்க் உடன்பாடு மாணவருக்கு ஆண்டுதோறும் 75 பணிநாட்களை விடுமுறையாக வகுத்ததும், எட்டுக் கோடி மக்களும் ஒரே வெள்ளிக்கிழமை மாலையில் நெடுஞ்சாலைக்கு வந்து நின்றுவிடாதபடி 16 மாநிலங்களை ஐந்து குழுக்களாகப் பிரித்துக் கோடை விடுமுறையை முன்னும் பின்னுமாக நகர்த்தும் முறை வளர்ந்ததும், நியாயமான நிர்வாகச் சிந்தனையின் விளைவுகளே. அந்தச் சிந்தனையைக் குறை கூறுவது இக்கடிதத்தின் நோக்கமன்று. அதனை ஓர் எரிமலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது மட்டுமே அதன் எளிய விருப்பம்.

ஐந்து குழுக்களில் நான்கு சுழல்கின்றன. பவேரியாவும் பாடன்-வூர்ட்டம்பெர்க்கும் அடங்கிய ஐந்தாம் குழு சுழலாது. பிற மாநிலத்துப் பிள்ளைகள் ஓராண்டு ஜூனிலும் மறு ஆண்டு ஜூலையிலும் பையை மூட்டைகட்ட, தென்னகத்துப் பிள்ளைகள் ஜூலையின் கடைசி நாட்களில் அல்லது ஆகஸ்ட் தொடக்கத்தில் மட்டுமே அதைச் செய்வர். இதற்கு அறுவடைக் காலம், பெந்தெகோஸ்தே பண்டிகையை ஒட்டிய இரண்டு வார விடுமுறை எனப் பல காரணங்கள் கூறப்பட்டு வந்துள்ளன. ஆயினும் 2025-ல் பவேரிய முதல்வர் மார்குஸ் ஸோடர், இந்த விடுமுறைத் தாளம் பவேரியரின் மரபணுவிலேயே பதிந்தது என்ற பொருள்படப் பேசிய பின்னர், விவாதம் கல்வித் துறையிலிருந்து உயிரியல் துறைக்கு மாறிவிட்டது எனலாம். ஒரு மாநிலத்தின் மரபணு மாற்றத்துக்கு எந்த அமைச்சர் மாநாடும் பொறுப்பேற்க இயலாது.

இனி வழக்குக்கு வரலாம். 1983 கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து புலம்பெயர்ந்து ஜெர்மனிக்கு வந்த தமிழர், பங்கீட்டு விகிதப்படி வெவ்வேறு மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டனர். எனவே அண்ணன் டோர்ட்முண்டிலும் தம்பி மூனிக்கிலும் வேரூன்றிய குடும்பங்கள் இங்கு அரியவை அல்ல. டோர்ட்முண்ட் நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தது. அது தனக்கெனத் தனிக் குழுவாகவே சுழல்கிறது. 2023-ஆம் ஆண்டில் அங்கே கோடை விடுமுறை ஜூன் 22 முதல் ஆகஸ்ட் 4 வரை. மூனிக் அடங்கிய பவேரியாவில் ஜூலை 31 முதல் செப்டம்பர் 11 வரை. பெரியப்பா பிள்ளைகளும் சித்தப்பா பிள்ளைகளும் சட்டத்துக்கு உட்பட்டு ஒன்றாக விளையாடக் கிடைத்தவை ஐந்து வேலை நாட்களும் அவற்றின் இருபுறமும் ஒட்டிய வார இறுதிகளும் ஆகும். ரெயூனியனுக்குப் பாரிஸ் வழியாகப் பதினொரு மணி நேரத்துக்குக் குறையாத பயணமும் இடைத்தங்கலும் கழிந்தால், அப்பாச்சி தம் பேரப்பிள்ளைகள் எல்லோரையும் ஒரு மேசையில் பார்க்கும் வேளைகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை.

இதே 2023-ல் எரிமலை நடந்துகொண்ட விதம் மாநாட்டின் கவனத்துக்குரியது. ரெயூனியனின் பிட்டோன் த லா ஃபூர்னேஸ், புவியின் ஆழத்திலிருந்து எழும் வெப்பப்புள்ளி ஒன்றின் மேல் அமைந்த கேடய எரிமலை. அதாவது நீர்த்தன்மை மிக்க எரிகுழம்பு அகலமாகப் பரவிப் பரவிக் கவிழ்த்த கேடயம் போன்ற மென்சரிவாக உயர்ந்த, 2,632 மீட்டர் உயரமுள்ள மலை. உலகில் மிக அடிக்கடி வெடிப்பவற்றுள் ஒன்றான அது, 2023 ஜூலை 2 அன்று எரிகுழம்பைக் கக்கத் தொடங்கி ஆகஸ்ட் 10 அன்று ஓய்ந்தது. கணக்கிட்டால் நாற்பது நாட்கள். ஜெர்மன் பள்ளிக்குரிய ஆறு வாரங்களுக்கு இரண்டே நாள் குறைவு. இரு மாநிலங்களும் பொதுவாகப் பெற்ற அந்த ஐந்து நாட்களையும் அது முழுமையாக உள்ளடக்கியிருந்தது. எந்த உடன்பாட்டிலும் கையெழுத்திடாத ஒரு மலை, டோர்ட்முண்ட்டுக்கும் மூனிக்குக்கும் ஒருங்கே இடமளித்தது என்பதை இங்குப் பதிவு செய்தாக வேண்டும்.

எரிமலைக்கு ஒழுங்கில்லை என வாதிடுவோர் இருக்கலாம். 1977-ல் அதன் குழம்பு வழக்கமான எல்லையைத் தாண்டி பிட்டோன் செய்ன்ட்-ரோஸ் ஊருக்குள் இறங்கியது. தேவாலயத்தின் வாசலில் மட்டும் நின்று இருபுறமும் பிரிந்து சென்றது. இதையடுத்து 1979-ல் எரிமலை ஆய்வகம் அமைந்தது. இன்று நில அதிர்வுகளைக் கொண்டு வெடிப்புக்குச் சற்று முன்னரே எச்சரிக்கை தரப்படுகிறது. மாவட்ட ஆட்சியம் உட்கிண்ணத்துக்குச் செல்லும் பாதையை உடனடியாக மூடுகிறது. மாநாடோ 2030 வரையிலான கோடைத் தேதிகளை முன்கூட்டியே அறிவித்துள்ளது. எரிமலை தன் மனத்தை மாற்றிக்கொள்ளக்கூடும் என்பதே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

வேறு விடுமுறைகளைத் தேர்ந்துகொள்ளலாமே என அலுவலகம் கேட்கக்கூடும். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் விடுமுறைகள் இரு மாநிலங்களுக்கும் பெரிதும் ஒத்தவைதாம். ஆனால் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல்காலம். 2024 ஜனவரியில் பெலால், 2025 பிப்ரவரி 28-ல் காரான்ஸ் ஆகிய புயல்கள் இத்தீவைத் தாக்கின. இலையுதிர் விடுமுறை வடக்கே அக்டோபரில் இரண்டு வாரம், பவேரியாவில் நவம்பர் முதல் நாளை ஒட்டி ஏறக்குறைய ஒரு வாரம். பெந்தெகோஸ்தேயின் இரண்டு வாரமோ தெற்கின் தனிச்சொத்து. ஆக, வறண்ட இதமான பருவமாகிய ஜூலை, ஆகஸ்ட் மாதங்களே எஞ்சுகின்றன.

ஏன் இந்தத் தீவே வேண்டும் என்பதும் விளக்கத்துக்குரியது. 1848-ல் அடிமைமுறை ஒழிக்கப்பட்ட பின், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடிய பிரெஞ்சு அரசு, 1860-ல் பிரிட்டனோடு உடன்பாடு செய்து, புதுச்சேரி, காரைக்கால், சென்னை துறைமுகங்கள் வழியே ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்றது. அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். உழைப்பாளர் படும் துயரைக் கண்டு பிரிட்டிஷ் இந்திய அரசு 1882-ல் இதனை நிறுத்தியது. அவர்தம் வழித்தோன்றல்கள் 'மலபார்' எனப்படுகின்றனர்; கிரியோல் பேசி, தீமிதித்து, காவடி எடுத்து, ஊரூராகக் கோயில் வைத்திருக்கின்றனர். ஹம் நகரின் காமாட்சி அம்பாள் கோயில் தேரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, செயின்ட்-ஆந்த்ரேயின் கோயில்கள் எவ்வளவு பாடம் நடத்தும் என்பதைக் கல்வி அமைச்சர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இரு அரசுகள் கூடிப் பேசித் தமிழர்களைத் தேதி குறித்து அத்தீவுக்கு அனுப்ப 1860-ல் முடிந்திருக்கிறது. திரும்பி வரும் உத்தேசத்துடன், சொந்தச் செலவில், இரு வாரம் செல்வதற்குத்தான் பதினாறு அரசுகள் போதவில்லை. (ஐரோப்பிய ஒன்றியத்தின் பகுதியாகவும் யூரோ புழங்கும் இடமாகவும் இருந்தும், தீவு ஷெங்கன் எல்லைக்குள் இல்லை, இலங்கைக் கடவுச்சீட்டு இன்னும் கையிலுள்ள பெரியம்மாக்களின் நுழைவுரிமைச் சிக்கலுக்கு இன்னொரு கடிதம் தேவைப்படும்.)

சில பெற்றோர் பள்ளி முடியும் முன்னரே மலிவான விமானத்தில் ஏறிவிடுகின்றனர். பள்ளி வருகை சட்டப்படி கட்டாயம் என்பதால், பவேரியாவில் இதற்கு 1,000 யூரோ வரை அபராதம் உண்டு. 2018 மே மாதம் பெந்தெகோஸ்தே விடுமுறைக்கு முந்தைய நாட்களில் மெம்மிங்கன், நூர்ன்பெர்க் விமான நிலையங்களில் காவலர்கள் பள்ளி வயதுப் பிள்ளைகளோடு வந்தோரை விசாரித்து, சுமார் இருபது குடும்பங்களைக் கண்டறிந்தனர். வெப்பப்புள்ளி என்றால் என்ன என்று அப்பிள்ளைகளிடம் அங்கேயே வினவி, சரியாக விடை தந்தோரை வழியனுப்பியிருந்தால், புவியியல் பாடத்துக்கு ஒரு தேர்வும் நடந்திருக்கும்.

ஆதலால் மாநாட்டின் முன் ஒரே கோரிக்கை வைக்கப்படுகிறது. பிட்டோன் த லா ஃபூர்னேஸ் வாக்குரிமையற்ற ஆலோசனை உறுப்பினராகச் சேர்க்கப்பட வேண்டும். 2030-க்குப் பிந்தைய தேதிகள் பேசப்படும்போது அது தென்மாநிலங்களுக்கு அருகில் அமர்த்தப்பட வேண்டும், ஏனெனில் இடம்பெயரும் கலையில் அதற்குச் சொல்லித்தர நிறைய உண்டு. 2023-ல் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை 2031-ல் ஒன்பதாம் வகுப்புக்கு வந்திருப்பார் என்பதால், பதில் கடிதத்தை இரு பிரதிகளாக, டோர்ட்முண்டுக்கு ஜூலையிலும் மூனிக்குக்கு ஆகஸ்டிலும் அனுப்பினால் போதுமானது.

உரிய மரியாதையுடன்,
இரு மாநிலங்களில் வாழும் ஒரு குடும்பத்தார்